கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குப் பத்தியம்

என் கணவர் ஜங்ஷன் ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி நான் விருத்தாசலம் வந்தபோது அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையில், படம் கழுவுகிற மருந்தின் புளித்த வாடை இருக்கும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த எக்ஸ்ரே.

மாமியாருக்கும் அதிகம் தெரியாது. ஆனால் நிறையப் பயந்திருந்தார். நான் வந்த முதல் வாரமே அடுப்படியில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

“அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதாம்மா. ஒடம்புக்குள்ள பூந்து ரத்தத்த சுண்ட வச்சிடுமாம். அவன் உசுரு நீ ஆக்கிப் போடறதுலதான் இருக்குது.”

கையோடு என்னைக் கடைத்தெருவில் இருந்த நாட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் எக்ஸ்ரே மெஷினைப் பார்த்ததில்லை. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நெருப்பும் சூடு, வெயிலும் சூடு, இதுவும் சூடுதாங்க. உள்ள போற சூட்ட அன்னன்னிக்கே எறக்கிடணும்” என்றார். அவர் சொன்ன பத்தியத்தோடு மாமியாரும் தனக்குத் தெரிந்ததைச் சேர்த்துக்கொண்டார்.

காலையில் வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு. மதியத்துக்குக் கீரை, வெந்தயம் அரைத்துக் கலந்த மோர். ராத்திரி மஞ்சள் போட்ட பால். புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். ரத்தம் ஊறக் கரிசலாங்கண்ணி. ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால், விடிவதற்கு முன்பே கறிக்கடையில் போய் நிற்க வேண்டும். முதலில் ஆசையாகத்தான் செய்தேன். புதுப் புருஷனைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது. போகப் போக, எழுந்தால் அம்மி, உட்கார்ந்தால் முறம் என்று ஆனது. பூசணிக்காயைச் சீவிச் சீவி என் விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். மாசி மகத்துக்கு ஊரே கோயிலில் கிடக்கும்போதும், அவருக்குக் கீரை ஆய்ந்து வைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

அவர் அதிகம் பேசாதவர். கொடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் குடிப்பார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இத குடிச்சிட்டுப் போனா எனக்கு ஒண்ணும் ஆவாது” என்று சைக்கிளை எடுப்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே மறுநாளும் அரைத்தேன்.

வருஷங்கள் போயின. எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். “அந்த வெளிச்சத்துல நிக்கறவருக்கு எப்படி நிக்கும்.” வைத்தியர் முருங்கைப்பூவைப் பாலில் வேக வைத்துக் கொடுக்கச் சொன்னார். முருங்கைப் பூ தேடித் தெருத் தெருவாகப் போனேன்.

அதற்குள் அவர் விரல்கள் மாற ஆரம்பித்திருந்தன. நகங்கள் பழுப்பேறி, கோடு கோடாக வரி விழுந்திருந்தன. இடது கையில் தோல் காய்ந்து, ஆள்காட்டி விரலில் ஒரு வெடிப்பு கண்டது. “மருந்துத் தண்ணில கை வச்சு வச்சு இப்படி ஆயிடுது” என்றார். நான் சோற்றுக் கற்றாழையைக் கீறி அந்தச் சோற்றைத் தடவி விடுவேன். தடவும்போது ஆறுவதுபோல இருக்கும். வாரம் கழிந்தால் பழையபடி வெடிக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், விபத்துக் கேஸ் என்று ஆள் வந்து காலையிலேயே அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஒன்றும் சாப்பிடவில்லை. கேரியரில் கட்டிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அதுதான் நான் எக்ஸ்ரே அறை வரைக்கும் போனது.

வாசல் பெஞ்சில் பீங்கான் கம்பெனி ஆள் ஒருவர் மார்புப் படம் எடுக்க உட்கார்ந்திருந்தார். புருவ மயிரில்கூட வெள்ளைத் தூசி. இருமி முடித்துவிட்டு என் கையில் இருந்த கேரியரைப் பார்த்தார்.

“சாருக்கு சாப்பாடாம்மா?”

“ஆமாங்க. இந்த வேலைக்கு ஒடம்பப் பாத்துக்கணும்ல, பத்தியமா ஆக்கிக் குடுக்கறேன்.”

“எங்களுக்கும் வெல்லம் குடுப்பாங்க. அத தின்னா தூசி வயித்துல எறங்கிடும்னு சொல்வாங்க. நானும் தின்னுக்கிட்டேதான் இருந்தேன்.”

“எறங்குச்சுங்களா?”

“எறங்கியிருந்தா இங்க ஏம்மா வந்து குந்தப்போறேன்” என்றார். அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. களைப்புதான் இருந்தது.

அப்போது உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. கை முறிந்த குழந்தை. கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் பார்த்தேன். குழந்தை அசையாமல் இருக்க, அதன் கையைத் தன் இடது கையால் பலகையில் அழுத்திப் பிடித்தபடி என் கணவர் மெஷினுக்கு அடியிலேயே நின்றார். வெறும் சட்டையோடு. ஆயாவைச் சுவிட்சை அழுத்தச் சொன்னார். மெஷின் உறுமி நின்றது. சுவரில் ஓர் ஆணியில், சாக்குபோலத் தடித்த கறுப்பு அங்கி ஒன்று தொங்கியது. அதன் மேல் தூசி படிந்திருந்தது.

அவர் வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஆணியில தொங்குதே, அது என்னங்க?”

“ஈய அங்கி. படம் எடுக்கறப்ப போட்டுக்கணும்.”

“நீங்க போடலியே.”

“அது செம கனம். நாள் பூரா போட்டுக்கிட்டு நின்னா இடுப்பு ஒடிஞ்சிடும். வேர்வ வேற.” கேரியரை வாங்கிக்கொண்டு சொன்னார். “நான்தான் எல்லாம் குடிச்சிட்டு வரேனே.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கம்பெனி ஆள் நகர்ந்து இடம் விட்டார். நானும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். சில நாள் அங்கியைப் போட்டார். வெயில் ஏறியதும் விட்டுவிட்டார். அந்தக் கோடையில் விரல் வெடிப்பு புண்ணாகி, ஆறவே இல்லை. புதுச்சேரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். டாக்டர் இவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இத்தனை வருஷமாக என்னவெல்லாம் கொடுத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்காமல் முழுவதும் கேட்டார்.

“எல்லாம் நல்ல சாப்பாடுதாம்மா. ரத்தத்துக்கு நல்லது. ஆனா அந்தக் கதிர எந்தச் சாப்பாடும் தடுக்காது. நடுவுல ஈயம் இருக்கணும். வெறும் கைய மெஷினுக்கு அடியில நீட்டவே கூடாது. இல்லன்னா தள்ளி நிக்கணும், சீக்கிரமா வெளிய வந்துடணும். வேற வழி இல்ல.”

“கொழந்த இல்லாததும் அதனாலதானுங்களா?”

“அதனாலயா இல்லையான்னு என்னால சொல்ல முடியாதும்மா. யார் சொன்னாலும் நம்பாதீங்க.”

இப்படி ஒரு பதிலுக்கு நான் தயாராக இல்லை. ஆமாம் என்றாலாவது அழுது தீர்த்திருப்பேன்.

விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். கடலூர் வழியாக பஸ்ஸில் திரும்பினோம். கையைத் தொங்கவிட்டால் வலி தெறிக்கும் என்பதால், கட்டுப் போட்ட கையை என் தோளில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டேன். நெய்வேலி தாண்டும்வரை அவர் தூங்குவதாகத்தான் நினைத்திருந்தேன்.

“அவ்வளவும் வீணாப் போச்சுல்ல” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“ரத்தம் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களே” என்றேன்.

வீட்டில் மாமியார் கட்டைப் பார்த்ததும் அழுதார். அழுது ஓய்ந்ததும், “நாம செஞ்சது பத்தல போலருக்குது. வைத்தியர இன்னொரு வாட்டி பாத்துட்டு வரலாமா?” என்றார்.

“போதுங்க அத்த” என்றேன். அவரும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் காலை எல்லோருக்கும் ஒரே மாதிரி பழைய சோறும் மோரும்தான். வீட்டில் இருந்தும் அம்மியடியில் உட்காராமல் ஒரு விடியல் கழிந்தது அன்றைக்குத்தான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை வாசலில் சீட்டு எழுதுகிற இடத்துக்கு மாற்றினார்கள். எக்ஸ்ரேவுக்குக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். என் கணவர் தினமும் காலையில் அந்த அறைக்குப் போய், புது ஆளுக்கு அங்கியை மாட்டி, முதுகுப் பக்கம் வாரை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தன் நாற்காலிக்கு வருவாராம். புது ஆளுக்கு அது பிடிக்கவில்லை. “கொதிக்குது சார்” என்று முனகுவாராம். இவர் பாதி விரலோடு முடிச்சுப் போடுவாராம்.

சில மாதம் கழித்து அந்தப் புது ஆளின் மனைவி எங்கள் வீடு தேடி வந்தார். கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பெண். கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

“அக்கா, இந்த வேலைக்குப் போறவங்களுக்கு என்ன ஆக்கிப் போடணும்னு உங்களக் கேட்டா தெரியும்னாங்க.”

“உங்க வூட்டுல என்ன ஆக்கறீங்களோ அதையே போடு. அவரு அங்கி போட்டுக்கிட்டாரான்னு மட்டும் தெனமும் கேளு.”

“அவ்வளவுதானாக்கா?”

“அவ்வளவுதாம்மா.”

அந்தப் பெண் நம்பினாரா என்று தெரியவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “போயிட்டு வரேங்க்கா” என்று எழுந்தார். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுத்தேன்.