அனுமதி கேட்ட கலியாண வீடியோ

செத்த கணினிகளை எழுப்பி உட்காரவைக்கும் தொழிலில் இருக்கிற அன்பர்களே, மென்பொருளை நிறுவுவதில் ஒரு வித்தையும் இல்லை. அதற்கு உரிமம் இருக்கிறதா என்று அது திருப்பிக் கேட்குமே, அங்கேதான் நம் உயிர் போகும். யுத்தம் உச்சத்தில் இருந்த வருடங்களில் கண்டி டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தேன். ஒபிஸ்கள் கழித்துவிட்ட கணினிகளை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் சிஸ்டத்தைப் போட்டு விற்பேன். எழுத, படிக்க எல்லாம் சரி. பாட்டு, படம் என்று வந்தால் போச்சு. "இந்தக் கணினிக்கு ஆதரவு இல்லை" என்று கையை விரித்துவிடும்.

அம்மனின் தனிப்பட்ட பாவனை

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயில் கமிட்டி, திருவிழாவுக்குப் பாட்டுப் போட ஒரு கணினி வாங்கியது. பாட்டு மென்பொருளை நிறுவும்போது, தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே இலவசம், பொது இடத்தில் போடக்கூடாது என்று திரையில் வந்தது. எனக்கு ஏன் அந்த வேலை? அரிச்சந்திரன் மாதிரி அதை மொழிபெயர்த்தும் சொன்னேன். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கூம்பு ஸ்பீக்கர் கட்டி வைத்திருந்த கமிட்டித் தலைவர் அதற்கும் வழி சொன்னார்:

"பாட்டு கேக்கப் போறது அம்மா மட்டுந்தான் தம்பி. நாங்க சும்மா பக்கத்துல நிக்கிறோம்னு போடுங்க."

பைலோடு வந்த மாஸ்டர்

அம்பிட்டியவில் தனியாக இருந்த கனகசபை மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒரே மகளுக்கு லண்டனில் கலியாணம் நடந்தது. இவருக்கு விசா கொடுக்கவில்லை. மகளை மணக்கோலத்தில் பார்க்க இருந்தது அவள் அனுப்பிய டிஸ்க் ஒன்றுதான். படம் எடுத்த கம்பனியோ அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது. இணையத்தில் பதிந்து உரிமம் வாங்கினால்தான் ஓடும். நான் அவருக்கு விற்ற கணினி அதை ஏற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மனுசனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க மாஸ்டர், பதிஞ்சு பார்ப்போம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் பைல் ஒன்றோடு வந்தார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கிராம சேவகரின் கடிதம், எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி. அந்த நாட்களில் வெளியூரில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்தவருக்குப் பதிவு என்றால் பொலிஸில் போய்ப் பதிவதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. ஈமெயில் முகவரி ஒன்று போதும் என்றேன். அவர் நம்பவில்லை.

"ஒண்டும் குறையக்கூடாது தம்பி. குறைஞ்சா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். எதுக்கும் கடிதத்தையும் காட்டுங்கோ."

ஸ்டிக்கர் நானா

எனக்குத் தெரிந்து, முறையாக வாங்கிய மென்பொருள் இருந்தது கெலிஓயாத் துணிக்கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, அவரின் கணினியில்தான். பெட்டியில் ஒட்டியிருந்த அசல் ஸ்டிக்கரை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அன்று பெட்டி தூசு தட்ட என் கடைக்கு வந்திருந்தது, நானாவும் கூட இருந்தார். என் கணினி மாஸ்டரின் டிஸ்க்கை விழுங்குவதும் துப்புவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ட மெஷின்ல போடுங்க" என்றார்.

போட்டேன். உரிமம் வந்தது, படமும் ஓடியது. மணப்பெண் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாஸ்டர் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளை மெலிஞ்சுபோனாள்" என்றார். நானா கண்ணைத் துடைத்தார். படம் முடிந்த பிறகுதான் வந்தது வினை. உரிமம் இந்தக் கணினிக்கு மட்டும், வேறெதற்கும் மாற்ற முடியாது என்று திரை சொன்னது. மகள் கம்பனிக்கு எழுதிக் கேட்டும் பார்த்தாள். ஒரு டிஸ்க்குக்கு ஒரு கணினிதான் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். நாசமாய்ப் போகிறவன்கள். நானாதான் கலங்காமல் சொன்னார்:

"அதுக்கென்ன மாஸ்டர், புள்ள எங்கட ஊட்டுலயே ஈக்கட்டும். நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போங்க."

பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பெண் வீடு

மாஸ்டர் ஞாயிறு தோறும் திருநீறு பூசி, அயன் பண்ணிய சேர்ட் போட்டு, கெலிஓயா பஸ் ஏறத் தொடங்கினார். வழியில் சோதனைச் சாவடி இருந்தது. எங்காவது குண்டு வெடித்த வாரம் என்றால் அட்டையில் வடக்கு விலாசத்தைக் கண்டதும் இறக்கிவிடுவார்கள், சிலரைக் கொண்டும் போய்விடுவார்கள். அப்படி ஒரு வாரம் வந்தபோது, "இந்தக் கிழமை வேணாம் மாஸ்டர்" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. பயத்தில் நானும் கூடப் போனேன்.

நினைத்தபடியே இறக்கினார்கள். எங்கே போகிறாய் என்று இளம் சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். மகளின் கலியாணத்துக்கு என்றார் மாஸ்டர். போன ஞாயிறும் இதைத்தானே சொன்னாய், உனக்கு எத்தனை மகள் என்றான் அவன். மாஸ்டர் அவனை நேரே பார்த்து, நல்ல சிங்களத்தில் சொன்னார்: "ஒரே மகள்தான், மகனே. லண்டன்ல நடக்கேக்க என்னைப் போக விடேல்லை. இப்ப கெலிஓயாவில நடக்குது."

என்ன புரிந்ததோ, சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப சுருக்கா போங்க அப்பா, பிந்தினா முடிஞ்சிரும்."

தோளில் துவக்கு தொங்க நின்ற சிப்பாயிடம் கிடைத்த அனுமதி, அந்த லண்டன் கம்பனியிடம் மட்டும் எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.