புகை வராத புகைபோக்கி

வில்ஃப்ரெட் தர்கெட்டிலுக்கு ஆகாதவர்கள் பட்டியல் நீளம். அதில் முதலிடம் காகங்களுக்கு. ஹாக்ஸ்மியர் ஊரின் சதுப்புப் புல்வெளியில் அவருடைய சிவப்புப் பசு பிளாசம் மேயும்போது, பிடரி நரைத்த சின்னக் காகங்கள் அதன் முதுகில் ஏறி, கூட்டுக்கு மெத்தை போட முடி பிடுங்கும்.

"திருட்டு மூதேவிங்களா, உங்க அப்பன் வீட்டுச் சொத்தா அது?" என்று கோரைக்கு நடுவே நின்று அவர் கத்துவது சாலை வரை கேட்கும். பிளாசம் கண்ணை மூடி அசைபோடும். அதற்கு முதுகு சொறிந்துவிட்ட சுகம்.

பூவும் பிடிக்காது என்பார். "மாடு திங்காததெல்லாம் களைதான்யா." ஆனால் ஊதா ஆர்க்கிட் தலைகாட்டும் ஈரப் பள்ளம் வந்தால் பசுவின் கயிறு தானாக இடப்பக்கம் இழுபடும். ஆள்காட்டிக் குருவி முட்டையிட்ட மேட்டையும் சுற்றிக்கொண்டுதான் போவார். கேட்டால், பிளாசத்துக்கு அந்தப் பக்கம் ஒத்துக்காது என்று சாதிப்பார். பாவம், பசுவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது.

அந்தப் புல்வெளியில் மேய்க்கும் உரிமை ஆளுக்கு இல்லை, அடுப்புக்கு. மே பன்னிரண்டாம் தேதி காலை எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரிகிறதோ, அந்த வீட்டுக்கு அந்த வருடம் ஒரு மாடு. மாடில்லாத வீடு தன் புகையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆனால் வாங்குகிறவர், தன் அடுப்பு ஏன் எரியவில்லை என்று புல்வெளிக் கதவருகே எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

அந்த வருடம் விறகு நனைந்துபோனதால், வில்ஃப்ரெட் இரண்டு மாதம் மண்ணெண்ணெய் அடுப்பில் முட்டை வேகவைத்துக் காலம் தள்ளினார். சும்மா கிடந்த புகைபோக்கியில் காகங்கள் குடியேறிவிட்டன.

பன்னிரண்டாம் தேதி காலை காய்ந்த விறகை அடுக்கினார். தீக்குச்சியைக் கிழித்தார். மேலே கீச்சென்று சத்தம். குச்சி விரலைச் சுடும்வரை நின்றுவிட்டு ஊதி அணைத்தார். அவருக்கென்று ஒரு கைப்பிடி நிலம் கிடையாது; புல்வெளி போனால் பிளாசத்தை விற்பதைத் தவிர வழியில்லை. தன் மீதே அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

பத்து மணிக்குப் புல்வெளிக் கதவருகே ஊர் கூடியது. மேய்ச்சல் மணியம் பார்ப்பவள் எட்னா போரெட். அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள், அன்றிலிருந்தே அவரை வம்புக்கு இழுப்பவள். அவளுடைய மாடு குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தது.

"என்னய்யா வில்ஃப், தீப்பெட்டி தீந்துபோச்சா?"

"இருக்கு."

"விறகு?"

"இருக்கு."

"அப்ப பிளாசத்தைச் சந்தைக்கு ஓட்டப் போறியா?"

வில்ஃப்ரெட் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"என் வீட்டுப் புகை சும்மாதான் போவுது," என்றாள் எட்னா. "வேணும்னா வாயத் தொறந்து கேளு. காரணத்தையும் சொல்லு."

"குடு," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"காரணம்?"

"குஞ்சு."

"சத்தமா சொல்லுய்யா, பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"காக்காக் குஞ்சு! புகைபோக்கிக்குள்ள! நாலு இருக்கு, போதுமா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கொல்லர் பெர்சி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வில்ஃப்ரெட்டின் காது சிவந்துவிட்டது.

"சிரிங்க, நல்லா சிரிங்க. நேத்துதான் கண்ணு தொறந்துச்சுங்க. கடைசிக்குட்டி இன்னும் ஒத்தக் கண்ணுதான் தொறந்திருக்கு. அதுங்க மேல புகையப் போடச் சொல்றீங்களா?"

சிரிப்பு நின்றது. எட்னா அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். செங்குத்தான கூரை, பாசி பிடித்த ஓடு.

"ஒத்தக் கண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அறுபத்தெட்டு வயசுல அங்க ஏறினியா?"

"தினமும்தான்," என்றார், தரையைப் பார்த்தபடி.

எட்னா கதவின் கொக்கியை விலக்கினாள். பிளாசம் யாரையும் கேட்காமல் உள்ளே நடந்தது.

"நாளைக்கு ஏறும்போது என்னைக் கூப்பிடு," என்றாள் எட்னா. "ஏணியப் பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா?"