கேதுருவும் என் அருவருப்பும்

சகோதரிகளே, சகோதரர்களே, நான் சொல்லப்போவது நல்ல பெண் ஒருத்தியின் சாட்சி அல்ல. என் கணவரை நான் அருவருத்தேன். அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுக்குள் சண்டை இல்லை. கோபமும் இல்லை. வெறும் அருவருப்பு. தொண்ணூற்றாறாம் ஆண்டு, பெப்ரவரி மாதம். நாடு விட்டு வந்து நாங்கள் குடியேறிய நியூ லின்னில் ஈரம் ஊறிய ஒரு வாடகை வீடு. ஊரில் பூகோளம் படிப்பித்த என் கணவர், மங்கரேயில் ஒரு மர யார்டில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். வீடுகளின் வெளிச்சுவருக்கு அடிக்கிற சிவந்த பலகை. அங்கே அதைச் சீடர் என்பார்கள், நம்முடைய வேதத்தில் கேதுரு. அந்த மாதம் அவருக்கு இருமல் பிடித்தது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வெடித்து நீர் வடிந்தது. முகம் கழுவும் பேசினில் சளி. தலையணை உறையில் மஞ்சள் கறை. மேசையில் அவர் இருமும்போது என் கோப்பையைக் கையால் மூடுவேன். ஒருநாள் அதை அவர் கண்டுவிட்டார். மறுநாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். நான் தடுக்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் குமட்டுகிறது.

டாக்டர் மூச்சிழுக்க மருந்து கொடுத்தார், வீட்டு ஈரத்தைக் குறை சொன்னார். என்ன வேலை என்று கேட்டபோது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இவர், "யார்டில நிக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பேசுகிறவள் நான். சொல் என்றால் எனக்குப் பைத்தியம். ஏப்ரலில் ஒரு சொல்லை எடுத்தேன்: ஏரெஸ். எபிரெயத்தில் கேதுரு. ஆழ வேர்விட்டு உறுதியாய் நிற்பது என்ற பொருள் அதற்குள் இருப்பதாகப் படித்திருந்தேன். புழு அரிக்காத மரம், ஆலயத்தின் மரம், அழியாமையின் அடையாளம். குஷ்டரோகியைச் சுத்திகரிக்கும் சடங்கில் கேதுருக்கட்டையும் சிவப்புநூலும் ஈசோப்புச் செடியும் சேர்வதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மதுரையிலிருந்து வந்த எலிசபெத் அக்கா எழுந்தார். "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் அந்த மரத்துலதானே வேலை பாக்குறாரு? ஆளுக்கு ஒரு துண்டு கொண்டாங்க. கட்டில்ல கட்டி வச்சு ஜெபிப்போம்."

"ஓம் அக்கா, அதுக்கென்ன," என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டல் அது.

என் கணவர் கழிவுத் துண்டுகளைக் கொண்டுவந்தார். கராஜ் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றையும் தேய்த்து மழமழப்பாக்கினார். பதினான்கு துண்டுகள். நான் சிவப்பு உல்லன் நூல் சுற்றி, ஒன்றை எங்கள் கட்டிலிலும் கட்டினேன். மிஞ்சிய சீவலைப் பையில் கட்டி எங்கள் தலையணைகளுக்குள் வைத்தேன். அவர் இருமினார். நான் ஜெபித்தேன். அவர் இன்னும் இருமினார். விசுவாசம் போதவில்லை என்று அவரையே குறை சொன்னேன்.

மே கடைசியில் அவர் உதடு நீலம் பாய்ந்தது. இனி இவர் பிழைக்கமாட்டார் என்று நினைத்தேன். அப்போதும் அவர் கையைப் பிடிக்க என்னால் முடியவில்லை.

ஜூனில் ராணியின் பிறந்தநாள் விடுமுறைக்குச் சபையார் கடற்கரையில் முகாம் போட்டார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் மத்தியானம், எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அதுவரை செய்யாத ஜெபத்தைச் செய்தேன். "ஆண்டவரே, அவரைச் சுகமாக்கும் என்று நாலு மாதம் கேட்டது பொய். எனக்கு முன்னால் இருமாத ஒருவரைத் தாரும் என்றுதான் கேட்டேன். எனக்கு அவரைப் பார்க்கக் குமட்டுகிறது. அவரையும் காப்பாற்றும், என்னையும் காப்பாற்றும்."

மூன்றாம் நாள் காலை. கடற்கரையிலிருந்து முகாமுக்கு ஏறுகிற செங்குத்துப் பாதை. அவர் மேலே வந்து நின்று சிரித்தார். "இஞ்சாரும், நான் நிக்காமல் ஏறி வந்திட்டன்."

சுகம்! சபை முன்னால் சாட்சி சொன்னேன். எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தோம். பூட்டிக் கிடந்த அறையில் கேதுரு மணம் முகத்தில் அடித்தது. அரைமணி நேரத்துக்குள் அவர் நெஞ்சு விசிலடித்தது.

எலிசபெத் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அதுக்குள்ள சந்தேகப்பட்டுட்டீங்களா சிஸ்டர்?" என்றார். அது நான் என் கணவர்மேல் சுமத்திய அதே குறை. அப்போதுதான் அதன் நாற்றம் எனக்குத் தெரிந்தது.

வேதத்தைத் திறந்து அந்தச் சடங்கை மறுபடி வாசித்தேன், இந்த முறை மெதுவாக. ஆசாரியன் பாளையத்துக்கு வெளியே போகிறான். நோயாளி சுகமாகிவிட்டான் என்று காண்கிறான். அதற்குப் பிறகுதான் கேதுருவைக் கொண்டுவரச் சொல்கிறான். கட்டை யாரையும் சுகமாக்கவில்லை! தேவன் சுகமாக்கியதற்கு அது அடையாளம் மட்டும். அடையாளத்தை நான் மருந்தாக்கித் தலையணைக்குள் வைத்திருந்தேன். என் கணவரும் வெளியே போனபோதுதான் சுகமாயிருந்தார்.

"இஞ்சேருங்கோ, யார்டில எந்தப் பலகை அறுக்கேக்கை கூட இருமுறீங்கள்?"

"சீடர்," என்றார்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் அதைப் பற்றி எவ்வளவு சந்தோசமாக் கதைச்சனீர். எப்பிடியப்பா சொல்லுறது?"

நான் அவரை அருவருத்துக்கொண்டிருந்தபோது, அவர் என் சந்தோஷத்தைக் காப்பாற்றத் தன் மூச்சையே இழந்துகொண்டிருந்தார்.

கட்டையையும் சீவலையும் அப்போதே வெளியே எறிந்தேன். சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, "நான் பிழையாகச் சொல்லிப்போட்டன், அதை எறியுங்கோ," என்றேன். இந்த முறை டாக்டரிடம் உள்ளதைச் சொன்னோம். பரிசோதித்த நிபுணர், அந்த மரத்தின் தூள்தான் காரணம், இனிமேல் அதன் பக்கம் போகவே கூடாது என்றார். என் கணவர் யார்டை விட்டார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. மூச்சு ஒரே நாளில் திரும்பவில்லை. அங்கே ஜூனில் தொடங்குகிற குளிர்காலம் முழுக்க எடுத்தது. ஆனால் திரும்பியது.

என் ஜெபத்தின் மற்றப் பாதி? ஒரு மாலை அவர் கழுத்துக்குக் களிம்பு பூச உட்கார்ந்தேன். அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விரலுக்குக் கீழே சூடான தோல், அதற்குள் துடிப்பு. அவ்வளவுதான். "கூசுது," என்று நெளிந்தார். நான் அழுதேன்.

ஏரெஸ் இப்போது எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. அரண்மனைக்கு ஏற்ற அந்த உயர்ந்த மரத்தையும், சுவரில் முளைக்கும் அற்ப ஈசோப்பையும் அந்தச் சடங்கில் பலிக் குருவியின் ஒரே இரத்தத்தில் தோய்க்கச் சொன்னார் தேவன். கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவளும் அங்கே தோய்க்கப்படத்தான் வேண்டும்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாரையாவது பார்க்க உங்களுக்குக் குமட்டினால், அதை நல்ல வார்த்தைகளால் மூடி ஜெபிக்காதீர்கள். குமட்டுகிறது என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஒரு குளியலறைக்குள் நின்று நான் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை.