இரண்டு ஊசி ஓட்டைகள்

எனக்கு வயது எழுபத்துமூன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கைச்சோற்றில்தான் ஆளானார்கள். எழுதத் தெரியாது, பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். என் மடியில் ஒரு படம் கிடக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அட்டை. பந்து வீச ஓடிவருகிற இடக்கைக்காரர் ஒருவர். அதன் மேல்மூலையில் சிவப்பு நூலில் ஒரே ஒரு தையல்.

அப்போது மங்கலத்திலிருந்து டவுன் பஸ் ஏறித் திருப்பூருக்குப் போவேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. எதிர்ப் பெட்டிக்கடையில் பபிள்கம் வாங்கினால் உள்ளே கிரிக்கெட்காரர் படம் ஒன்று இருக்கும். வேறொரு மிட்டாயில் சினிமாக்காரர் படம். என்னோடு வேலை செய்த பெண்கள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு படத்தை எறிவார்கள். நான் எடுத்து வைத்துக்கொள்வேன். “இத்தன மாப்பிள்ளைய வெச்சுட்டு என்னக்கா பண்ணுவே?” என்று சிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாயை அடைப்பேன். அது பொய். எனக்கே எனக்காகத்தான் சேர்த்தேன். இங்கிலீஷில் போட்டிருந்த பெயரைப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? தொப்பி சாய்ந்த பக்கம், மட்டை பிடித்த கை, நெற்றியில் விழும் முடிச்சுருள் என்று ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஏழெட்டு வருஷத்தில் இரண்டு பனியன் பெட்டிகள் நிறைந்தன. என் வீட்டில் எனக்கென்று இருந்த பொருள் அந்த இரண்டு பெட்டிகள்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்து முடித்த கட்டின் மேல்பீஸில் அவரவர் நூலால் ஒரு தையல் போட்டுத்தான் தள்ளவேண்டும். தப்பு வந்தால் யார் கை என்று அந்த நூல் காட்டிக்கொடுக்கும். எனக்குச் சிவப்பு. அதை எனக்கு ஒதுக்கியவர் கட்டிங் மாஸ்டர். அந்தப் பழக்கத்தில்தான் என் படங்களிலும் ஆளுக்கு ஒரு தையல் போட்டேன். என் பெயரை எழுத எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

மாஸ்டர் யாரையும் கடிந்து பேசாதவர். ஒருநாள் என் மேஜைக்கு வந்து, “ஏனுங் அம்மிணி, அந்தப் படப்பெட்டிய ஊட்டுக்குக் கொண்டுபோயி ஒருக்கா பாத்துட்டுத் தரட்டுங்களா? ரெண்டே நாளுங்க” என்றார். இரண்டு பெட்டிகளையும் கொடுத்தேன். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஒருநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “மழைத்தண்ணி உள்ள பூந்து அத்தனையும் கூழாப் போச்சுங் அம்மிணி. உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “போனாப் போகுதுங்க மாஸ்டர், உசுரா போச்சு?” என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன், என் வாயால். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவர் செத்தபோது மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி.

பெட்டிகளைக் கொடுத்த அன்று இந்த ஒரு படம் மட்டும் தப்பியது. கடைசி மகன் எனக்குத் தெரியாமல் எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தான். திருட்டுக் கை என்று அவனை விளாசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை எரிகிறது.

போன மாதம் பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க மாஸ்டர் மகனுடைய கம்பெனிக்குப் போனேன். இப்போது அவன் முதலாளி. முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம், மேலே விளக்கு. உள்ளே என் ஆட்கள்! தொப்பி சாய்ந்தவர், முடிச்சுருள் நடிகை, எல்லோரும். கீழே பித்தளைத் தகட்டில் எழுத்துக்கூட்டினேன். மாஸ்டர் பெயர்.

“அப்பா சேர்த்ததுங்க ஆத்தா. சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தா மொதல்ல இதத்தான் பாப்பாங்க” என்றான்.

கிட்டே போனேன். நூல் இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இரண்டு ஊசி ஓட்டைகள்.

“அது பூச்சி கடிச்சதுங்க.”

“பூச்சி ஒரே மூலையில, ஒரே அளவுல, சோடி சோடியாவா கடிக்கும், கண்ணு?”

பனியன் துணியில் நூலை உருவினால் ஒரு கழுவலில் ஓட்டை மூடிக்கொள்ளும். ஆயுசு முழுக்கப் பனியன் துணி வெட்டியவர், அட்டையும் மூடிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார் போல. என் தப்பைப் பிடிக்க அவர் கொடுத்த நூல், கடைசியில் அவரையே பிடித்துக்கொடுத்தது.

மறுநாள் இந்த இடக்கைக்காரரைக் கொண்டுபோய்ச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதே மூலை, அதே இடைவெளி. அவன் முகம் கறுத்தது. “இப்ப என்னுங்க பண்ணச் சொல்றீங்க?” என்றான். படங்களை அவனே வைத்துக்கொள்ளட்டும், அந்தத் தகட்டில் என் பெயர் வரவேண்டும், அது போதும் என்றேன். “செத்தவரு பேரு கெட்டுப்போகுமுங்க ஆத்தா” என்றான். உயிரோடு இருப்பவளின் பெயர் எங்கே போயிற்று என்று கேட்டேன். மெதுவாகச் சிரித்துக்கொண்டு, “எழுத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றான். எனக்கு எழுதத் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்பனுக்கும் தெரிந்திருந்தது.

பத்திரிகையை அவன் மேஜையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுத்துதானே கேட்டான்? இதோ இருக்கிறது. நாலு பேர் படிக்கட்டும். கண்ணு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. எங்காவது மாஸ்டரைப் பாவம் என்று நீயாகச் சேர்த்திருந்தால் அடித்துவிடு, நான் அப்படிச் சொல்லவில்லை. ஊசியில் சிவப்பு நூல் கோத்து வைத்திருக்கிறேன். சரியாக இருந்தால் தாளின் மூலையில் ஒரு தையல் போடவேண்டும். படி.