நன்மை வாங்கப் போகாதவள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று செத்துப்போன என் தங்கச்சி விட்டுப்போனது. ஐந்து பேருக்கும் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு நானே தைத்துப் போட்டேன். ஆனால் நாற்பது வருஷமாக நான் மட்டும் நன்மை வாங்கப் போனதில்லை. ஞாயிறு பூசைக்கு ஒரு வாரம் தவறியது கிடையாது. நன்மைக்கு எல்லாரும் எழுந்திருக்கும்போது நான் காலை ஒதுக்கி வழி விடுவேன். அவர்கள் வாங்கிவிட்டுத் திரும்புகிறவரை அந்தக் காலி பெஞ்சில் நான் ஒருத்தி.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புருஷன் போன துக்கம் என்றாள் ஒருத்தி. ஏதோ வேண்டுதல், நேர்ச்சை என்றாள் இன்னொருத்தி. நேர்ச்சை என்பது கௌரவமாக இருந்ததால் நானும் மறுத்துப் பேசவில்லை.

இந்த வருஷம் ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறன்று எழுந்து போய் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் பெரிய மகனுடைய பெண் கேட்டாள்.

"இத்தினி வருஷமா ஏன் ஆயா போவல?"

வாயால் சொல்ல வரவில்லை. அவளுடைய பழைய நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வரைதான் என் படிப்பு, ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஆகிறது. எனக்கென்ன அவசரம்.

புருஷன் சாகும்போது எனக்கு முப்பத்திரண்டு, கடைசிப் பெண் வயிற்றில். நூற்பாலையில் நூல் சுற்றும் வேலை. பக்கத்து மெஷினில் அரியாங்குப்பத்துக்காரி ஒருத்தி, எங்கள் வேதக்காரிதான், கல்யாணம் கட்டாதவள்.

"ஏன்டி கட்டிக்கல?" என்று கேட்டேன்.

"உன்ன மாதிரி அஞ்ச வச்சிக்கினு முழிக்கவா?" என்றாள்.

குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கிறேன் என்று அவளே வந்து கேட்டாள். "ஞானத்தாயின்னு ஆயிட்டா, உன் ஊட்டுக்கு நான் எதுக்கு வரேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கடி." அப்படிக் கேட்டு வாங்கிய பதவி அது. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்துவிடுவாள். பூசை முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

எங்களுக்குள் இருந்தது வெறும் சிநேகிதம் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன இருக்க வேண்டுமோ, அது. என் புருஷன் நல்ல மனுஷர், ஆனாலும் அவரிடம் எனக்கு அது இருந்ததில்லை. இந்த நாலு வரியை எழுத ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று.

பாஸ்குவுக்கு முந்தின தபசு காலம் ஒன்றில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், அதைச் சொல்லிவிட்டேன். அப்போது இருந்தவர் வயதான சாமியார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டது.

"இனிமே அந்தப் பொம்பளையப் பாக்கறதில்லன்னு சொல்லு. மன்னிப்பு தரேன்."

"அப்படிச் சொன்னா பொய்யாயிடும் சாமி."

"அப்ப செஞ்ச பாவத்துக்கு வருத்தம், மனஸ்தாபம் உனக்கு இல்லியா?"

"இல்லீங்க சாமி."

"எழுந்து போ."

எழுந்து வந்துவிட்டேன். மனஸ்தாபப்படாத விஷயத்துக்கு மனஸ்தாப மந்திரம் சொல்ல எனக்கு வராது. அது கர்வம் என்றால் கர்வம்தான். பாவமன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்கக் கூடாது என்று சின்ன வயசிலேயே ஞானோபதேசத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அதையும் மீற முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அவளிடம் சொன்னபோது சிரித்தாள். "கறிக்கடையில போயி கீரை கேட்டுட்டு வந்திருக்கியே."

"நீ சொன்னதே இல்லியாடி?"

"பாவத்தத்தான அங்க சொல்லணும்?"

அவள் பாட்டுக்குப் போய் நன்மை வாங்கி வருவாள். திரும்பி பெஞ்சுக்குள் நுழையும்போது பிடிமானத்துக்கு என் முழங்காலில் கை வைப்பாள். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் பிடிமானம். கையை எடுக்க ஒரு விநாடி கூடுதலாக ஆகும். கோவிலில் எனக்குக் கிடைத்த நன்மை அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அவள் அண்ணன் மகன்தான் எல்லாம் எடுத்துச் செய்தான். பெட்டியைச் சுற்றி சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க யாரும்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என் சின்னவளுக்கு இவங்கதான் ஞானத்தாய்."

"அப்படியா. வெளிய பந்தல்ல நாற்காலி போட்டிருக்கு பாருங்க."

பந்தலில் போய் உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் அழுதேன். வீடு வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஞாயிறுகளில் என் காலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் என் மேல் படாமல் பார்த்துப் பதவிசாகப் போனார்கள்.

பாவத்தத்தான சொல்லணும் என்று அவள் அன்றைக்கே சொன்னாள். நாற்பது வருஷம் கழித்து, இந்தத் தபசு காலத்தில், காலி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது என் காதில் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இப்போது இருப்பவர் சின்ன வயசு பாதர். மருமகளைத் திட்டியதைச் சொன்னேன். பெரியவன் மேல் உள்ள கசப்பைச் சொன்னேன்.

"வேற எதுனா இருக்குதாம்மா?"

"ஒண்ணு இருக்குது பாதர். ஆனா அது பாவத்துல சேராது."

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

என்னவென்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னார். மருமகளைத் திட்டியதற்காக மனசாரச் சொன்னேன்.

பாஸ்கு பூசையில் வரிசையில் நின்றேன். மருமகள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காலத்தில் முழங்காலில் நின்று நாக்கை நீட்டுவோம், இப்போது நின்றபடி கையில் தருகிறார்கள். முன்னால் போனவளைப் பார்த்து நானும் கையை ஏந்தினேன். திரும்பி வந்தபோது பெஞ்சில் யாரோ ஒரு பெண் காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள். என் கை தானாக ஒரு முழங்காலைத் தேடிப் போயிற்று. இழுத்துக்கொண்டு முன்பெஞ்சின் கட்டையைப் பிடித்தேன்.

பாப்பா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். எழுத்தெல்லாம் கோணலாகத்தான் இருக்கும், திருத்தாதே. ஒரு தரம் எனக்கு இதைப் படித்துக் காட்டு. மனசுக்குள் படிக்க வேண்டாம், சத்தமாகப் படி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், கேட்கட்டும்.