ஆட்டுக்குட்டி காணாமல் போன ஃபோல்டர்

எங்கள் முதலாளி அண்ணன் வெளியாட்களிடம் என்னைப் பற்றிச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சிஸ்டம் பாக்கற புள்ளதானுங்க." பனியன் நகரத்து ராயபுரத்தில் அவருடைய பிரிண்டிங் யூனிட்டில் வருஷக்கணக்காக அந்த சிஸ்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எங்கேயோ வரைந்து அனுப்பும் கரடியையும் காரையும் சுத்தம் செய்து, நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை. சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. "சிஸ்டம் பாக்கற புள்ள" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கம்ப்யூட்டரோ கிழடு. ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தாலும் அது இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். புதுசு கேட்டால், "தீவாளி கழியட்டும் அம்மணி" என்பார் அண்ணன். எந்தத் தீபாவளி என்று மட்டும் சொல்லமாட்டார். பொறுமை போய், பென்குவின் சின்னம் போட்ட லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை பென் டிரைவில் இறக்கி நானே போட்டுவிட்டேன். கிழடு எழுந்து ஓட ஆரம்பித்தது.

ஒரே ஒரு வில்லங்கம். டிசைன்கள் எல்லாம் அண்ணன் அறையிலுள்ள பெரிய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். நெட்வொர்க் வழியாக எல்லோரும் அதைத்தான் திறப்போம். லினக்ஸ் அதைத் திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. பாஸ்வேர்டு சரியில்லை என்றது, அனுமதி இல்லை என்றது. நானா விடுவேன்? மல்லுக்கட்டி மல்லுக்கட்டிக் கடைசியில் பிடிபட்டது. என் பக்கம் ஒரு காலி ஃபோல்டர் வைத்து, அதன் மேல் அண்ணனுடைய ஃபோல்டரைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். அதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். கட்டளையைத் தட்டினேன். கரடியும் காரும் வரிசையாக வந்து நின்றன! நான் போட்ட கூச்சலில் கணக்கு பார்க்கும் அக்கா ஓடி வந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கம். "என்னட்டி, ஷாக் அடிச்சிட்டா?" என்றார். இனி கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அந்த ஃபோல்டர் தானாகவே வந்து பொருந்தும்படியும் செய்து வைத்தேன். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஆர்டர் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸ் மேடம் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு டிசைன் தேடி வந்தார். என் மேஜையில் காகிதத்தில் கிறுக்கி வைத்திருந்த ஆட்டுக்குட்டி அவர் கண்ணில் பட்டது. குண்டடத்தில் என் சித்தி வீட்டுக் குட்டி அது. என் புதுத் துப்பட்டாவில் பாதியைத் தின்றுவிட்டு ஒரு திருட்டு முழி முழித்ததே, அந்த முழியோடு வரைந்திருந்தேன். டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பையே அது கடித்து மெல்லுவது மாதிரி. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "இதை முழுசா முடிச்சு ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க. வரலைன்னா வேற யூனிட் கரடியை ஓகே பண்ணிடுவேன்" என்றார். என் ஆடு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வரைந்து முடித்த நாள் அண்ணன் சோமனூரில் ஒரு கல்யாணத்துக்காக மத்தியானமே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். நடுவில் கரண்ட் போய் வந்தது. என் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் வரைந்து, வழக்கமான ஃபோல்டரில் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பார்த்தால் கரடி இருக்கிறது, கார் இருக்கிறது, ஆட்டைக் காணோம்.

அன்று யூனிட்டையே ஒரு பிடி பிடித்தேன். யார் அழித்தது, யார் கை வைத்தது என்று கத்தியதில் பிரிண்டிங் மேஜைக்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "ஆரும் தொடுலீங் அம்மணி. நீ போட்டு வெச்சிருக்கியே பென்குவின், அது தின்னுருக்கும்" என்றார் அண்ணன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்துத் திரும்ப வரைந்தேன். ஆடு வந்தது, முழி வரவில்லை. இன்னொரு தடவை வரைந்தேன். நாய் மாதிரி இருந்தது.

ஆயுத பூஜையும் வந்துவிட்டது. பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். பெரிய கம்ப்யூட்டரை அணைத்து, துடைத்து, சந்தனம் பூசி, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். இனி விஜயதசமி வரை அதைத் தொடக்கூடாது. "உன் டப்பாவுலயாவது சரஸ்வதி படம் போடு, சாமி கும்பிடலாம்" என்றார் அக்கா. ஆன் செய்தேன். கை பழக்கத்தில் டிசைன் ஃபோல்டருக்குப் போயிற்று. அண்ணன் கம்ப்யூட்டர்தான் தூங்குகிறதே, எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு ஃபைல். என் ஆடு!

"அய்யோ கடவுளே!" என்று நான் அலறியதில் அக்கா கையிலிருந்த பொரித் தட்டு கவிழ்ந்தது. நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சேமித்த அன்றும் பெரிய கம்ப்யூட்டர் அணைந்துதானே இருந்தது? கரண்ட் வந்தபின் வந்து பொருந்த அண்ணன் ஃபோல்டரே இல்லை, ஆடு போய் விழுந்தது என்னுடைய காலி ஃபோல்டரில். காலையில் அதன் மேல் அண்ணனுடைய ஃபோல்டர் வந்து பொருந்தியதும் ஆடு அடியில் போய்விட்டது. கட்டிங் டேபிளில் ஒரு துண்டை வைத்துவிட்டு, அதன் மேல் துணியை அடுக்கடுக்காக விரித்த கதைதான். பூஜைக்காகப் பெரிய கம்ப்யூட்டரை அணைத்ததும் மேல் அடுக்கு போய், அடியில் கிடந்த ஆடு தெரிந்துவிட்டது.

"அண்ணா, கற்பூரம் ஏத்திராதீங்க! இந்தக் கம்ப்யூட்டர இன்னும் கொஞ்சம் தொடோணுங்க!" என்று கத்தினேன். அண்ணன் தீப்பெட்டியோடு அப்படியே நின்றார். ஃபைலை மேடத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மூச்சே வந்தது. சரஸ்வதி படம் போட மறந்தேபோனேன். திரை முழுக்க ஆடுதான் நின்றது. அண்ணன் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குங்குமத்தைத் தொட்டு, திரையில் ஆட்டின் நெற்றியில் நேராக ஒரு பொட்டு வைத்தார். "இதுவும் கும்பிடற சாமிதானுங்" என்றார். ஆள் ஆளுக்குச் சிரித்தோம்.

பொரியைத் தின்றுகொண்டிருக்கும்போதே மேடம் அண்ணனைப் போனில் கூப்பிட்டார். அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஆடு ஓகேங்க. அந்தக் கண்ணை மட்டும் மாத்திடாதீங்க. யாருங்க வரைஞ்சது?"

நான் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். சிஸ்டம் பாக்கற புள்ள என்பார், வேறென்ன சொல்லப்போகிறார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க டிசைனருங்க" என்றார் அண்ணன்.