ஊர் கேட்காத வார்டு

முதலாண்டுத் திதிக்கு வருகை தந்து இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும், அக்கா அவர்களுடன் பணியாற்றிய நர்சம்மாக்களுக்கும் வணக்கம். அக்கா அவர்களின் உத்தியோக வாழ்வை அருகிருந்து கண்டவர்களில் எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. ஆதலின் இதனை எழுதும் கடமை எனக்கு வாய்த்தது.

பாலசமுத்திரத்தில் கரும்பும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாக அக்கா அவர்கள் பிறந்தார்கள். எங்கள் தாயார் பிரசவத்தில் காலமானார். உதவிக்கு ஒருவரும் வந்து சேராத பிரசவம் அது. அதன் பின்னரே, நர்ஸ் படிப்புக்குச் சென்னை செல்வேன் என்று அக்கா அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். சிற்றப்பா ஏளனம் செய்தார்.

“கண்டவன் பீ மூத்திரம் அள்ளவா பொண்ண அனுப்பறே?”

“அள்ளப்போறவ அவ. உனக்கு இன்னாத்துக்கு மூக்கு எரியுது?” என்றார் எங்கள் தகப்பனார் நைனா.

படிப்பை முடித்துச் சித்தூரில் ஒரு மருத்துவமனையில் அக்கா அவர்கள் பணியேற்றார்கள். ஆந்திர மாநிலம் பிரிந்தது. சில ஆண்டுகள் கழித்து எல்லையும் தீர்ந்து, திருத்தணி தமிழ்ப் பக்கம் சென்றது. எங்கள் ஊர் ஆந்திரப் பக்கம் நின்றது. திருத்தணிப் பக்கத்து நோயாளிகளோ பழைய பழக்கப்படியே பஸ் ஏறிச் சித்தூருக்கு வந்தனர். வந்தவரிடம் முதலில் “எந்த ஊர்?” என்று கேட்கும் வழக்கம் அப்போது மெல்லத் தலைகாட்டியது.

அக்கா அவர்களின் வார்டில் அவ்வழக்கம் நுழையவில்லை. நாடி பார்த்து, ஜுரம் பார்த்து, படுக்க வைத்த பிறகே ஊரும் பேரும் கேட்க வேண்டும். கட்டில் எவருக்கு, தரையில் பாய் எவருக்கு என்பதை நோயின் கடுமை ஒன்றே தீர்மானிக்கும்.

ஒருமுறை நைனா காய்ச்சலுடன் தாமே புறப்பட்டு அங்கே சென்றுவிட்டார். சரோஜா என்ற புதிய நர்ஸ், அவர் யாரென்று அறியாமல், பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டார். அக்கா அவர்கள் வந்ததும் நைனா முறையிட்டார்.

“நர்சம்மாவ பெத்தவனுக்குத் தரைதானா?”

“நைனா, அந்தக் கட்டில்ல கீறவரு வவுத்துல தையல் போட்டுக்கினு கீறாரு. உனக்கு ஜொரம்தான். பொறுத்துக்கோ.”

“ஊர்ல போயி சொன்னா சிரிப்பானுங்க.”

“சொல்லாத.”

குணமாகும் வரை நைனா பாயிலேயே இருந்தார்.

பின்னர் மாவட்டத்து நர்ஸ்கள் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கத் திருப்பதியில் கூடினார்கள். ஓய்வின்றி இரட்டை டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த அவர்களுக்காக மேலிடத்தில் பேச ஆளில்லை. அக்கா அவர்கள் அப்பொறுப்புக்கு நிற்க இசைந்தார்கள். துணைக்குச் சென்ற நான் வாயிலருகே அமர்ந்திருந்தேன்.

எடுத்த எடுப்பில் சுசீலா என்ற நர்ஸ் எழுந்தார். அவர் தெலுங்கு வீட்டார். தமிழும் நன்கு பேசுவார்.

“அக்கா, நீங்க நல்ல மனுஷிதான். ஆனா உங்க வார்டுல கட்டில் பூரா தமிழ்க்காரங்களுக்கே போவுதாமே? அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியே கட்டலயா?”

பலர் சிரித்தனர். அக்குற்றச்சாட்டு நிலைத்திருந்தால் தலைமை மட்டுமன்று, அந்த வார்டின் முறையே அன்றோடு ஒழிந்திருக்கும். சரோஜா பொறுக்கமாட்டாமல் எழுந்தார். அவரும் தெலுங்குப் பெண்ணே.

“அவங்க நைனாவையே நான் பாயிலதான் படுக்க வெச்சேன்! தெரிஞ்சதும் பயந்துபோயி கட்டில் குடுக்கட்டுமான்னா, என்னைத்தான் திட்டுனாங்க!”

சபை அக்கா அவர்களின் பக்கம் திரும்பியது. அவர்களுக்கோ அப்பேச்சு பிடிக்கவில்லை.

“சரோஜா, உக்காரு. எங்க நைனா கதைய பேசவா பஸ் ஏறி வந்தோம்? சுசீலா கேட்டதுல தப்பில்ல. ஒருத்தருக்குக் கட்டில் குடுத்தா இன்னொருத்தரு தரையிலதான் படுக்கறாரு. அது எந்த ஊர்க்காரருன்னு நாம அடிச்சிக்கினு கீறோம். கட்டிலும் பத்தல, நர்சும் பத்தல. மேல போயி கேக்க எங்கூட யாரு வர்றீங்க?”

மீண்டும் எழுந்தவர் சுசீலா அவர்களே.

“நான் வரேன். ஆனா அங்க பேசறது நான்தான். உங்க தெலுங்கு எந்த ஆபீசருக்கும் புரியாது.”

முதலில் சிரித்தவர்கள் அக்கா அவர்களே. அன்று அவர்கள் தலைவர் ஆனார்கள். சுசீலா அவர்கள் செயலாளர் ஆனார். இருவரும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். கட்டில்கள் வந்தன. இரவுப் பணிக்கு இரண்டாவது நர்ஸ் வெகு தாமதமாக வந்தார். நர்ஸ்கள் குடும்பத்தோடு தங்கக் கேட்ட வீடுகள் மட்டும் இறுதிவரை கிடைக்கவில்லை. அவ்விருவரும் சண்டையிடாமல் முடிந்த கூட்டம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

ஓய்வுக்குப் பின் திருப்பதியில் வசித்த அக்கா அவர்கள் படுக்கையில் விழுந்தபோது, நாயுடுபேட்டையிலிருந்து சுசீலம்மா பெட்டியுடன் வந்து சேர்ந்தார். கடைசி நாள் வரை உடம்பு துடைத்துவிட்டதும் கஞ்சி புகட்டியதும் அவர்தான். வாய்க்கரிசி இடும் நேரத்தில் அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான் அழைத்தேன்.

“நான் எப்படிப்பா போடறது? நான் அவங்கள எதுத்தவ.”

“அக்கா உயிரோட இருந்தா, மொதல்ல உன்னத்தான்மா கூப்ட்டிருப்பாங்க” என்றேன். வந்து இட்டார்.

வைத்தியம் செய்த டாக்டர்களுக்கும், இரு மாநிலத்திலிருந்தும் வந்து நின்ற நர்சம்மாக்களுக்கும், அண்டை வீட்டாருக்கும், சரோஜா அவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி செலுத்துகிறது. சுசீலம்மாவின் பெயரை இவ்வரிசையில் நான் சேர்க்கவில்லை. வீட்டார்க்கு வீட்டார் நன்றி சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

— தம்பி